மேகம் மறைத்த மலையும் எச்சரிக்கும் கருவியும்

பயணிகள் விமானம் ஒன்று, இயந்திரக் கோளாறு ஏதுமின்றி, விமானியின் முழுக் கட்டுப்பாட்டில் பறந்துகொண்டிருக்கும்போதே, மேகத்தாலோ இருளாலோ மறைக்கப்பட்ட மலையில் மோதி அழிவதை விமானவியலில் ‘கட்டுப்பாட்டுடன் தரையில் மோதுதல்’ என வகைப்படுத்துவர். இவ்வகை விபத்துகளைத் தடுப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது தரையண்மை எச்சரிக்கைக் கருவி.

விமானி அறையிலுள்ள வழக்கமான உயரமானி, உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதை அளவுகோலாகக் கொண்டு, கடல்மட்டத்திலிருந்து விமானம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் காட்டுமேயன்றி, அதற்குக் கீழே இருப்பது சமவெளியா மலைமுகடா என்பதைக் காட்டாது. 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி மழைமேகங்களினூடே வந்த டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727, நிலையத்துக்கு நெடுந்தொலைவு இருக்கும்போதே தரையிறங்கும் அணுகலுக்கு அனுமதி பெற்றது. விமானிகள் அதை உடனே 1,800 அடிக்கு இறங்குவதற்கான இசைவாகக் கொண்டனர்; தரைக் கட்டுப்பாட்டாளரோ மலைப்பகுதிக்குரிய பாதுகாப்பான உயரத்தை அவர்களே பேணிக்கொள்வர் என்று கருதினார். விமானம் வெர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலைச்சரிவில் மோத, அதிலிருந்த 92 பேரும் உயிரிழந்தனர். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன் அதே வழியில் மற்றொரு நிறுவனத்தின் விமானம் இதே தவறால் மலையை நெருங்கித் தப்பியிருந்தும், அச்செய்தி அந்நிறுவனத்தின் விமானிகளைத் தாண்டிப் பரவாமல் போனது பெருந்துயரம். மூன்று நாள்கள் கழித்து இலங்கையின் மஸ்கெலியா அருகே, சப்த கன்னியர் மலையில் ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற டி.சி. 8 விமானம் மோதி 191 பேர் மாண்டனர்.

அந்த டிசம்பரிலேயே அமெரிக்க அரசு கட்டாயமாக்கிய எச்சரிக்கைக் கருவியின் உருவாக்கத்தில் கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மனின் பங்கு தலையாயது. விமானத்தின் அடிப்புறத்திலிருந்து ரேடியோ அலையைக் கீழே செலுத்தி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு உண்மையான இடைவெளியைக் கணக்கிடும் ரேடியோ உயரமானியே இதன் அடிப்படை. இடைவெளி ஆபத்தான வேகத்தில் குறைந்தால் விமானத்தை மேலே தூக்குமாறு குரல் எச்சரிக்கை எழும். எனினும் அக்கருவியால் அடியில் உள்ளதைத்தான் அறிய முடியும், எதிரே செங்குத்தாக எழும் மலையை அறிய இயலாது என்பதால், சில நேரங்களில் எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் இடையே சில நொடிகளே எஞ்சின.

இக்குறையை நீக்க, செயற்கைக்கோள்வழி அறியப்படும் விமானத்தின் இருப்பிடத்தை, நிலப்பரப்பின் உயரங்கள் பதிந்த தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு முன்னோக்கிப் பார்க்கும் மேம்பட்ட கருவியை 1990களில் பேட்மன் குழுவினர் உருவாக்கினர். சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் கிடைத்த அதன் நிலவரைபடத் தரவுகளும் அதில் சேர்ந்தன. திரையில் ஆபத்தான மேடுகள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் தோன்ற, மோதலுக்குப் பல நொடிகள் முன்னதாகவே எச்சரிக்கை கிடைக்கிறது. கடந்த அரைநூற்றாண்டில் பயணிகளின் உயிரை இவ்வளவு காத்த கருவிகள் மிகச் சிலவே எனலாம்.

ஆயினும் கருவியை நம்பிச் செயற்படுவது மனிதர் பொறுப்பு. 2012 மே 9 அன்று இந்தோனேசியாவின் சலாக் மலையில் மேகத்துக்குள் மோதி 45 பேரைப் பலிகொண்ட சுகோய் சூப்பர்ஜெட்டில், மோதலுக்கு 38 நொடிகள் முன்பே எச்சரிக்கை ஒலித்தது. தரவுத்தளப் பிழையென எண்ணி அது அணைக்கப்பட்டது. முதல் எச்சரிக்கைக்குப் பின் 24 நொடிகளுக்குள் விமானத்தை மேலெழுப்பியிருந்தால் மோதலைத் தவிர்த்திருக்கலாம் என்று, போலிப் பறப்புச் சோதனைகளின் வழி விசாரணைக் குழு கண்டறிந்தது.