சுருக்கமில்லாத கல்லீரலில் புற்றுநோய்: அறுவைக்குப் பின்

"குடிப்பழக்கமே இல்லாதவருக்குக் கல்லீரலில் புற்றுநோய் எப்படி வந்தது?" ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பமாயினும் வேறெந்தக் குடும்பமாயினும் முதலில் எழும் கேள்வி இதுவே. இந்நோய் பெரும்பாலும் தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலில்தான் தோன்றுகிறது. எனினும் நூற்றில் ஏறத்தாழ 10 முதல் 20 பேருக்குச் சுருக்கம் ஏதுமின்றியே உண்டாகிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸ், நீரிழிவோடு சேர்ந்த கொழுப்புக் கல்லீரல், பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஆகியவை காரணமாகலாம். சிலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை.

சுருக்க நோயுள்ளவர்களுக்கு ஆறு மாதத்திற்கொரு முறை ஸ்கேன் செய்யப்படுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு அத்தகைய கண்காணிப்பு இல்லை. ஆதலால் வலது விலாவுக்குக் கீழே கனம் தோன்றும்வரை கட்டி வளர்ந்துவிடுகிறது. அதன் அளவைக் கேட்டவுடன் உறவினர் மனம் தளர்ந்துவிடுவர். அளவை மட்டும் கொண்டு நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சுருக்கமற்ற கல்லீரலில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை விட்டுவைத்தாலே போதுமானது. சுருங்கிய கல்லீரலாயின் 40 விழுக்காடாவது எஞ்ச வேண்டும். வெட்டிய பகுதி மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய பகுதியே சில மாதங்களில் பருத்து முழு வேலையையும் ஏற்றுக்கொள்கிறது.

கட்டி முழுவதும் அகற்றப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். கட்டி இரத்தக்குழாய்க்குள் பரவியிருந்தால் இவ்வாய்ப்பு குறையும். உங்கள் திசு ஆய்வறிக்கையில் இதுபற்றிக் குறிப்பு இருக்கும். மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வயிற்றுத் தசை இறுகிச் சேர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அதுவரை பளு தூக்குதல் கூடாது. தறிக்குழியில் இறங்கி ஏறுவதும், குனிந்தபடி நாள் முழுதும் மிதியை மிதிப்பதும் அவ்வகையைச் சேர்ந்தவையே. மருத்துவர் இசைந்த பின்னர், முதலில் ஓரிரு மணி நேரம் மட்டும் தறியில் அமரலாம்.

தறிக்குத் திரும்பிய பின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. நோய் திரும்புமாயின் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில், எஞ்சிய கல்லீரலிலேயே திரும்புகிறது. அப்போது பெரும்பாலும் வலி இராது, பசியும் குறையாது. ஆகவேதான் அக்காலத்தில் மூன்று அல்லது நான்கு மாதத்திற்கொரு முறை ஸ்கேனும் ஏஎஃப்பி இரத்தப் பரிசோதனையும், பிறகு ஆறு மாதத்திற்கொரு முறையும் தேவைப்படுகின்றன. "நன்றாகத்தானே இருக்கிறார், ஒரு நாள் கூலி ஏன் போக வேண்டும்" என்று நாளைத் தள்ளிப்போடுவது இயல்பே; சேலை நெய்து இறக்கினால்தானே கூலி! ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கும் இடைவெளியில் பரிசோதனை நாளை அமைத்துத்தருமாறு மருத்துவமனையில் கேளுங்கள். சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்தால் மீண்டும் அறுவை செய்யவோ, ஊசி வழியே வெப்பத்தால் கட்டியை அழிக்கவோ இயலும்.

ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் அதற்கான மாத்திரையை, அறுவை முடிந்ததென்று தாமாக நிறுத்தக் கூடாது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. அவர்களுடைய மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் அனைவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; தொற்றும் எதிர்ப்பாற்றலும் இல்லாதோர் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது அவர்களையும் உடன் அழைத்து வாருங்கள்.