கட்டுமாவடி இறாலும் உலக வணிக விதிகளும்

பாக் நீரிணைக் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் கட்டுமாவடி. இவ்வூர் மீன் சந்தை சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது. மற்ற மீன்களுக்கு உள்ளூர்த் தேவையே பெரும்பாலும் விலை சொல்லும். இறாலுக்கு அப்படியல்ல, அதன் விலையை வெளிநாட்டுச் சந்தைதான் ஏற்றி இறக்குகிறது. 2024-25இல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு சுமார் 62,400 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைந்த இறால். அந்த இறாலிலும் எடையளவில் ஐந்தில் இரண்டு பங்கை அமெரிக்கா ஒன்றே வாங்கியது. இப்படி ஒரே வாசலை நம்பியிருப்பதே இந்தத் தொழிலின் பெரிய பலவீனம்.

1995இல் உலக வணிக அமைப்பு உருவானபின், இறக்குமதி வரிகள் படிப்படியாகக் குறைந்தன. அமெரிக்காவில் உறைந்த இறாலுக்கு வழக்கமான சுங்கவரியே கிடையாது. ஆனால் தடைகள் வேறு உருவில் வந்தன. கடலாமைகள் தப்பிச் செல்லும் கருவியை இழுவலையில் பொருத்தாத நாடுகளின் இறாலுக்கு அமெரிக்கா தடை விதித்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் வழக்குத் தொடுத்தன. உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு 1998இல் தீர்ப்பளித்தது. ஆமைகளைக் காப்பது நியாயமான நோக்கம். ஆனால் கரீபியன் நாடுகளுக்குக் கூடுதல் அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் தந்துவிட்டு, ஆசிய நாடுகளுக்கு மறுத்தது பாரபட்சம் என்றது அத்தீர்ப்பு. எளிய நாடுகளும் வல்லரசைக் கேள்வி கேட்க முடிந்த காலம் அது. அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்திக்கொண்டது. ஆனாலும் கருவி வேண்டும் என்ற நிபந்தனை நீடித்தது. அதை நிறைவேற்றாததால் 2019 முதல் இந்தியாவின் கடலில் பிடித்த இறாலுக்கு அங்கே மீண்டும் தடை வந்தது. இதே கரையில் இழுவலை விசைப்படகுகள் நிறைந்த கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற துறைகளுக்கு இது நேரடியாகத் தொடர்புடைய செய்தி.

பண்ணை இறாலுக்கும் நிம்மதி இல்லை. நியாய விலைக்கும் குறைவாக விற்பதாகக் கூறி, அமெரிக்கா 2005இல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சத்தைத் தேடி, இந்தியப் பண்ணை இறால் சரக்குகளில் சோதனைக்கு எடுக்கும் பங்கை 2016இல் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக்கியது. உண்பவரின் உடல்நலத்துக்கான அந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. ஆனால் சோதனைச் செலவும் தாமதமும் சிறு பண்ணையாளரின் கைக்காசில்தான் கழியும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 சதவீதக் கூடுதல் வரி விதித்தபோது, இறாலும் சிக்கியது. போட்டியாளரான ஈக்வடாருக்கு அப்போது 15 சதவீதமே. முறையிட்டு இறுதித் தீர்ப்புப் பெறவும் வழி இருக்கவில்லை: புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்துவந்ததால், 1998இல் தீர்ப்புச் சொன்ன அதே மேல்முறையீட்டுக் குழு 2019 டிசம்பர் முதல் செயலற்றிருந்தது.

எனவே நாடுகள் தனித்தனியே ஒப்பந்தம் தேடுகின்றன. 2025 ஜூலையில் பிரிட்டனுடன் இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தம் இறாலுக்கு வரி விலக்கு அளிக்க வகை செய்கிறது. புதிய சந்தைகளோடு, உரித்துப் பதப்படுத்திச் சமைக்கத் தயாராக அனுப்பும் தொழிலும் வளர வேண்டும். அதற்குக் கடலோரச் சிற்றூர்களில் குளிர்பதனக் கிடங்கும் தரப் பரிசோதனை வசதியும் அவசியம்.