பங்காளிக்குத் தொட்டியில் இடமில்லை

கொளத்தூர் கடைகளில் ஃபைட்டர் மீனைக் கட்டிக் கொடுக்கும் விதத்தைப் பார்த்தால் புதிதாக வாங்குபவருக்கு மனசு பதறும். ஒரு பிளாஸ்டிக் கவர். அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், மேலே முழுக்கக் காற்று, வாயில் ரப்பர் பேண்ட். அதைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறி தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் தாண்டி அச்சரப்பாக்கத்தில் இறங்க மூன்று மணி நேரமாவது ஆகும். சிவபெருமானின் தேருக்கே அச்சு இற்றுப்போன இடம் என்பதால் ‘அச்சு இறு பாக்கம்’ ஆனது என்கிறது தலபுராணம். ஆனால் கவருக்குள் இருப்பவருக்கு ஒரு சேதமும் இல்லை. இறங்கியதும் தூக்கிப் பார்த்தால் வாலை விசிறி நம்மையே முறைக்கிறார்.

ரகசியம் தண்ணீரில் இல்லை, மேலே இருக்கும் காற்றில். ஃபைட்டரின் செவுளுக்கு மேலே, தலைக்குள், மெல்லிய எலும்புத் தகடு மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருக்கிறது. அதன் மேல் ரத்தக் குழாய்கள் அடர்ந்த தோல். உள்ளே போனால் வழி தெரியாத கோட்டையைப் போல இருப்பதால் ‘லாபிரிந்த்’ உறுப்பு என்று பெயர் வைத்தார்கள்; நாம் புதிர்வழி உறுப்பு எனலாம். மீன் மேலே வந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி அங்கே நிறுத்திக்கொள்கிறது. 28 டிகிரி வெப்பமுள்ள தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்க முடியும். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராம். தண்ணீர்ப் பந்தியில் ஒரு இட்லி என்றால் காற்றுப் பந்தியில் முப்பதுக்கு மேல்.

இந்தக் கருவி நெல் வயலுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்தின் வயல்களும் சதுப்புகளும். வெயிலில் கொதித்து, வைக்கோல் அழுகி, ஆக்சிஜன் வற்றிப்போன கணுக்கால் ஆழத் தண்ணீர். அச்சரப்பாக்கத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை; ஏரிப் பாசனத்தில் வளர்ந்த ஊர். சந்தையில் அலுமினியப் பாத்திரத்தில் ஒரு சாண் தண்ணீரில் நாள் முழுக்க உயிரோடு கிடக்கும் விராலும் காற்றை விழுங்குகிற சாதிதான். பனையேறி கெண்டையும் அப்படியே. டால்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி தரங்கம்பாடியில் ஒரு பனையேறியைப் பனைமரத்தின் மேலேயே பிடித்ததாக 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் எழுதினார். பறவை ஏதாவது கவ்விப் போட்டிருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். மரமேறுவது எப்படியோ, செவுள் மூடியின் முட்களை ஊன்றி அது தரையில் நகர்ந்து போவது உண்மை.

ஃபைட்டருக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் ஒன்றும் இங்கே உண்டு. இரண்டு அங்குல நீளத்தில், பழுப்பு நிறத்தில், வால் நடுவில் ஊசி போல நீண்ட பண்ணா மீன். அறிவியல் பெயரில் இரண்டாம் பாதி ‘குபானஸ்’. புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த மீனை வைத்து 1831இல் விவரித்தபோது, அந்த ஊர்ப் பெயரின் வாலைப் பிடித்து இலத்தீன் ஆக்கிவிட்டார்கள். அச்சரப்பாக்கத்திலிருந்து எழுபது, எண்பது கிலோமீட்டரில் இருக்கும் ஒரு குப்பம் உலகத்து நூல்களில் ‘குபானஸ்’ என்று வாழ்கிறது.

ஃபைட்டர் தனியாக இருக்கிறதே, ஒரு துணை விடலாம் என்று நினைக்கும்போது இந்தச் சொந்தக்காரர்தான் முதலில் நினைவுக்கு வருவார். வேண்டாம். ஃபைட்டரின் சண்டை பங்காளிச் சண்டை. ஊரில் யாரோடும் வம்பில்லாத மனிதர், வரப்பு என்று வந்தால் சித்தப்பா மகனோடு மட்டும் கோர்ட் படியேறுவதில்லையா, அதே கதை. நெருங்கிய ரத்தம் என்றால் ஒரே சொத்துக்கு இரண்டு வாரிசு.

அந்தச் சொத்து என்ன? நீர்ப்பரப்பில் ஓர் உள்ளங்கை அகலம். ஆண் மீன் அங்கே எச்சில் பூசிய காற்றுக் குமிழிகளை ஒவ்வொன்றாக ஊதி, இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டுகிறது. பெண் முட்டையிட்டதும் அவளைத் துரத்திவிட்டு, கீழே விழும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுகிறது. சுமார் இரண்டு நாளில் குஞ்சு பொரிக்கும். பிறக்கும்போது குஞ்சுக்குப் புதிர்வழி உறுப்பு கிடையாது, அது உருவாகச் சில வாரங்கள் ஆகும். முதல் சில நாள் காவல் முழுக்க அப்பாவுடையது. மேல்மட்டத்தில் உலவி, குமிழி ஊதி, செவுளை விரிக்கத் தெரிந்த எந்த மீனும் இந்த நிலத்துக்குப் பங்கு கேட்டு வந்ததாகவே அர்த்தம். பண்ணாவும் நுரைக்கூடுதான் கட்டும். கௌராமியும் அதே குடும்பம். பிறகு எப்படி ஒத்துப்போகும்?

செவுளை விரிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செவுள் மூடியைத் தூக்கிப் பிடித்தால் முகம் இரண்டு மடங்கு தெரியும். ஆனால் அந்த நேரம் செவுளால் சரியாக மூச்சு விட முடியாது. மூச்சை அடக்கிக்கொண்டு மார்தட்டுகிற வேலை. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் ஆண்கள் குறைவாகத்தான் செவுள் விரிக்கின்றன என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. எவ்வளவு நேரம் விரிக்கிறான் என்பதே அவனுடைய உடல்நிலைச் சான்றிதழ்.

பக்கத்துப் பாட்டில் சண்டையை வேடிக்கை பார்க்கும் ஃபைட்டர் அதை மறப்பதும் இல்லை. 1998இல் ஒலிவேரா என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், ஒரு பக்கம் மட்டுமே தெரியும் கண்ணாடி வழியாக ஒரு மீனை இன்னும் இரண்டின் சண்டையைப் பார்க்க வைத்தார்கள். பிறகு அந்த இரண்டையும் தனித்தனியே காட்டியபோது, தோற்றவனிடம் சட்டென்று போன பார்வையாளர் ஜெயித்தவனிடம் போகத் தயங்கினார். 2020இல் ஜப்பானிலிருந்து வந்த ஆய்வு இன்னும் விசித்திரம். ஒரு மணி நேரம் மோதிய இரண்டு மீன்களின் மூளையில் மரபணுக்கள் இயங்கும் பாங்கு ஒன்றுபோல ஆகியிருந்தது. கடிப்பது, காற்றுக்கு மேலே போவது எல்லாவற்றிலும் இரண்டும் தாளம் பிசகாமல் இருந்தன.

வயலில் இது இவ்வளவு தூரம் போகாது. தோற்றவன் வரப்போரம் ஓடிவிடுவான், கணக்கு முடிந்தது. தொட்டியில் ஓட இடமில்லை. அதோடு கடையில் இருப்பது வயல் மீனும் அல்ல. குறைந்தது 400 ஆண்டுகளாக மனிதன் கோபத்துக்காகவும் அழகுக்காகவும் பொறுக்கி வளர்த்த வம்சம் என்று மரபணு ஆய்வு சொல்கிறது.

சரி, யாரை விடலாம்? யாரை விடக்கூடாது என்பது சுலபம். ஆண் கப்பியின் வண்ண வாலை ஃபைட்டர் இன்னொரு ஃபைட்டராக எடுத்துக்கொள்ளலாம். டைகர் பார்ப் விஷயத்தில் கதை தலைகீழ்: அதற்குத் தொங்கும் வாலைக் கண்டால் கொறிக்காமல் இருக்க முடியாது, நம் வீரர் ஒரே வாரத்தில் கந்தல் வேட்டியோடு நிற்பார். தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும், கழிவும் அதிகம். ‘டேங்க் கிளீனர்’ என்று கடையில் தள்ளிவிடுகிற மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் விட்டுவிடுகிறார்கள்; தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகி வலைகளைக் கிழிப்பது அப்படி வந்த வினை. செர்ரி இறாலை விட்டால் துணை அல்ல, தீனி.

சொத்தில் பங்கில்லாத அயலார்தான் வேண்டும். நடுத்தண்ணீரில் கூட்டமாக நீந்தும் சின்ன ரஸ்போரா பொருந்தும்: குட்டை வால், யாரையும் சீண்டாத குணம், கூட்டத்துக்குள்ளேயே மும்முரம். ஆனால் என் ஓட்டு அயிரைக்கு. ஆம், குழம்புக்குப் பேர்போன அதே அயிரை. அதன் அறிவியல் பெயரில் ‘தெர்மாலிஸ்’ வருகிறது. இலங்கையில் கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்ததால் வந்த பெயர். நம் ஊர் வெயிலில் 28 டிகிரி ஏறும் தொட்டி அதற்கு ஒரு பொருட்டே அல்ல. தரையோடு தரையாக மணலைச் சலித்துத் தின்னும், பயந்தால் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். அயிரைக் குடும்பத்து மீன்களுக்குக் காற்றிலிருந்து மூச்செடுக்க இன்னொரு வழியும் உண்டு, குடல். விழுங்கிய காற்று உணவுப் பாதையில் போகும்போதே ஆக்சிஜன் ரத்தத்தில் ஏறிவிடும். இன்னொரு வயல்வாசி நத்தை. விலங்கியல் மாணவர்கள் ‘பைலா’ என்று அறுத்துப் பார்த்த அதே நத்தைக்குச் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. ஃபைட்டர் உணர்கொம்பைக் கொத்தினால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடும். தொட்டிச் செடிகளை மேயும் என்பதுதான் ஒரே தொல்லை.

இடம் எவ்வளவு? ஒரு தண்ணீர் கேன் 20 லிட்டர். ஃபைட்டர் தனிக்கட்டை என்றால் ஒரு கேன் அளவு, ஐந்தாறு அயிரையோடு என்றால் இரண்டு கேனாவது. அடியில் கூர்மையில்லாத நைஸ் மணல், நடுவில் பார்வையை மறைக்கும் செடி. வாய்க்காலில் பிடித்த அயிரை என்றால் மூன்று வாரம் வேறு தொட்டியில் வைத்து நோய் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் வரிசை: அயிரையை முதலில் குடிவையுங்கள், ஃபைட்டரைக் கடைசியில். முதலில் வந்தவருக்கு மொத்தத் தொட்டிக்கும் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு வருகிற எவரும் ஆக்கிரமிப்பாளர்தான். இதையெல்லாம் செய்தும் சில ஃபைட்டர்கள் யாரையும் சகிக்காது. ஒரே ஈட்டில் பிறந்தவற்றுக்குள்ளேயே குணம் வேறுபடும். அதற்காக ஒரு காலித் தொட்டி கைவசம் இருக்கட்டும்.

ராத்திரி விளக்கை அணைத்தபின் ஒரு டார்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு பாருங்கள். ஃபைட்டர் அகன்ற இலையின் மேல் சாய்ந்து தூங்கும். கீழே மணல் அசையும். அயிரை ஒன்று கிளம்பி, நெட்டுக்குத்தாக மேலே பாய்ந்து, தூங்குகிறவரின் மீசையை உரசாத குறையாகக் கடந்து, பரப்பில் ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு வந்த வழியே இறங்கிவிடும். அரை நொடிகூட ஆகாது. ஃபைட்டரின் கண் லேசாகத் திரும்பும், அவ்வளவுதான்.