அழைப்பவர் கையில் விட்ட மொழி

வெள்ளவத்தை காலி வீதியில் உள்ள நாணய மாற்றுக் கடையொன்றுக்குச் செய்நிரல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பவுண், யூரோ, கனேடிய டொலர் ஆகிய மூன்றின் இன்றைய விலையையும் மூன்று சேவையகங்களிடம் கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் பதில் தர இரண்டு வினாடி எடுத்தால், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு முடிக்க ஆறு வினாடி. அதில் பெரும்பகுதி நேரம் கணினி உழைப்பதில்லை, பதிலுக்காகச் சும்மா நிற்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டால் இரண்டு வினாடியில் அலுவல் முடிந்துவிடும். இப்படிக் கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே அடுத்த வேலைக்குப் போவதுதான் ஒத்திசைவற்ற செய்நிரல்.

யோசனை எளிது, அதைத் தொடக்கி வைப்பதுதான் வில்லங்கம். 2014இல் பைத்தன் மொழிக்கு அசின்க்ஐஓ நூலகம் வந்தபோது, இந்த வேலைகளை மாறிமாறி நடத்தும் நிகழ்வுச் சுழல் ஒன்றைக் கேட்டு வாங்கி, வேலை முடியும்வரை ஓடவிட்டு, கடைசியில் மறக்காமல் மூடவும் வேண்டியிருந்தது. 2018இல் வெளிவந்த பைத்தன் 3.7, இவ்வளவையும் ‘ரன்’ என்ற ஒரே அழைப்புக்குள் அடக்கியது. சி ஷார்ப் மொழியில், செய்நிரல் தொடங்கும் இடமான மெயின் ஃபங்ஷனையே ஒத்திசைவற்றதாக எழுத 2017 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

அப்போதும் ஒரு தலையிடி மிச்சம். ஒரு ஃபங்ஷனுக்கு ‘அசின்க்’ முத்திரை குத்தினால், அதை அழைத்துக் காத்திருக்கும் ஃபங்ஷனுக்கும் குத்த வேண்டும். அதை அழைப்பதற்கும் குத்த வேண்டும். முத்திரை மெயின் வரை ஏறிவிடும்.

கொழும்பில் பிறந்த பலரினா மொழி இந்த முத்திரையையே தூக்கி எறிந்தது. சஞ்சீவ வீரவரண இணைந்து 2005இல் நிறுவிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் படைப்பு இது, 1.0 பதிப்பு 2019இல் வெளியானது. இதில் ஃபங்ஷனை வழமைபோல் எழுதலாம். அழைக்கிற இடத்தில் முன்னால் ‘ஸ்டார்ட்’ என்று போட்டால் அது தனி இழையாக ஓடத் தொடங்கும். உடனே கையில் கிடைப்பது ‘ஃபியூச்சர்’, அதாவது வரப்போகும் விடைக்கான துண்டு. விடை தேவைப்படும் இடத்தில் ‘வெயிட்’. ஸ்டார்ட் போடாவிட்டால் அதே ஃபங்ஷன் சாதாரண அழைப்பாகிவிடும். காத்திருப்பதா வேண்டாமா என்பது ஃபங்ஷனின் பிறவிக் குணமல்ல, அழைப்பவரின் முடிவு. என் கணிப்பில் மொழியின் மிக நல்ல தீர்மானம் இதுதான்.

வெயிட்டிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. மூன்று துண்டுகளையும் அடைப்புக்குள் போட்டால் மூன்று விடைகளும் சேர்ந்து வரும். நடுவே நெடுங்கோடு இட்டால், எது முந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். ஒரே பவுண் விலையை இரு இடங்களில் கேட்பவருக்கு இது தோதானது.

ஸ்டார்ட் போட்டதும் எல்லாம் பறக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மிச்சமாவது காத்திருக்கும் நேரம்தான். கணினியின் முழு உழைப்பையும் கேட்கும் பெருங்கணக்கு, ஸ்டார்ட் போட்டதால் மட்டும் விரைவாக முடியாது.