இல்லாத நோய் - 9: குரங்கு செத்த பிறகு

கலிஃபோர்னியா கவர்னர் கேஜ் 'பிளேக்கா, எங்கே?' என்று கேட்டதோடு போன வாரம் நிறுத்தினோம். சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் இருப்பதையே ஒப்புக்கொள்ளாதவர் அவர். இந்த வாரம் வாஷிங்டனில் நடந்த பேரத்துக்குப் போயிருக்க வேண்டும். நடுவில் ஒரு குரங்கு வந்து குதித்துவிட்டது. அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

1900 மார்ச் 6. சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில், குளோப் ஹோட்டலின் நிலவறையில் ஒரு சீனர் இறந்துகிடந்தார். பிளேக்கில் வருவதுபோல் தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. மறுநாள் விடியும்போது போலீஸ் சைனாடவுனைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டது. வெள்ளைக்காரர்கள் வெளியே போகலாம். சீனர்கள் அசையக்கூடாது.

நெறியிலிருந்து எடுத்த நீர் ஏஞ்சல் தீவில் இருந்த மத்திய அரசு டாக்டர் ஜோசப் கின்யூனிடம் போனது. அவர் அதை ஒரு எலி, இரண்டு கினிப் பன்றிகள், ஒரு குரங்கு ஆகியவற்றுக்கு ஊசியில் ஏற்றினார். மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரிந்தால் மட்டும் போதாது. மிருகம் சாக வேண்டும். அதுதான் அன்றைய சோதனை முறை.

பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். பிளேக் என்பதே பணம் பறிக்கும் நாடகம் என்று எழுதின. குரங்கை வைத்துக் கேலிப் பாட்டே வந்தது. ஊரில் வியாபாரம் படுத்துவிட்டது. நாலு மிருகமும் நன்றாகத்தான் இருந்தன. நெருக்கடி தாங்காமல் மார்ச் 9 அன்று கயிற்றை அவிழ்த்தார்கள். 11ஆம் தேதி எலியும் கினிப் பன்றிகளும் செத்தன. 13ஆம் தேதி குரங்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த ஊரில் எந்தக் கட்சியும் சாராத சாட்சி அது ஒன்றுதான். சைனாடவுனை அடைக்கச் சொன்ன ஊர்ச் சுகாதாரக் குழு, டெமாக்ரட் மேயர் ஃபீலன் நியமித்தது. கேஜ் ரிபப்ளிகன், அதற்கு முன் சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனிக்கு வக்கீல். பிளேக் என்று ஒப்புக்கொண்டால் கலிஃபோர்னியாப் பழங்களை வெளி மாநிலத்தில் யார் வாங்குவார்கள்? அதற்காக ஃபீலனை உத்தமர் என்று நினைத்துவிட வேண்டாம். சீனர்களை எதிர்ப்பதே அவர் அரசியல். மே கடைசியில் இரண்டாவது முறை அடைத்தபோது, அந்த எல்லைக்கோடு வெள்ளைக்காரர்களின் கட்டடங்களை மட்டும் லாகவமாக ஒதுக்கிவிட்டு வளைந்து போனது. ஜூனில் மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நம் ஊர்ச் சங்கதியும் ஒன்று உண்டு. அந்த மே மாதம் சீனர்களுக்குப் போட முயன்ற பிளேக் தடுப்பூசி, ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி பம்பாயில் உருவாக்கியது. 1897 ஜனவரியில் முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர் அவர். 'சீனர்களுக்கு மட்டும் ஏன் ஊசி?' என்று சைனாடவுன் கடைகளை அடைத்தது. அந்தக் கேள்விக்கும் கோர்ட்டில்தான் பதில் கிடைத்தது.

இனி கேஜ். 1901 ஜனவரியில் சட்டசபைக்கு அனுப்பிய உரையில், கின்யூனே பிணங்களில் கிருமியைச் செலுத்தியிருக்கலாம் என்று சூசகமாகச் சொன்னார். வெளியூரிலிருந்து கிருமி கொண்டுவருவதைக் கடும் குற்றமாக்க வேண்டும் என்றார். அதே மாதம் ஃப்ளெக்ஸ்னர், பார்க்கர், நோவி என்ற மூன்று நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். பிளேக்தான் என்று உறுதி செய்தார்கள். கேஜ் உடனே பத்திரிகைக்காரர்களையும் ரயில்வே வக்கீலையும் வாஷிங்டனுக்கு ரயிலேற்றினார். அங்கே மத்திய அரசின் சர்ஜன் ஜெனரல் வைமன், நிபுணர்களின் அறிக்கையைப் பூட்டி வைக்கச் சம்மதித்தார். என்ன விலைக்கு, சேக்ரமென்டோ பத்திரிகை ஒன்று அதை எப்படி அம்பலப்படுத்தியது என்பதெல்லாம் அடுத்த வாரம்.

(தொடரும்)