வலிக்காமலே கரையும் எலும்பு

இடுப்பு மூட்டு மாற்றிப் பத்து வருடம் நன்றாக நடந்தவர், ஒருநாள் நாற்காலியை விட்டு எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது தொடையிடுக்கில் வலி என்பார். நடக்க நடக்கக் குறைந்துவிடும். "வயசாச்சுல்ல" என்று வீட்டில் சொல்வார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். பொருத்திய மூட்டு எலும்பில் பிடிப்பிழந்து ஆடத் தொடங்கியிருக்கலாம்.

கிருமித் தொற்றாலும் ஆடலாம். அதை முதலில் சோதிக்க வேண்டும். தொற்று இல்லையென்றால் முக்கியமாகச் சந்தேகிக்க வேண்டியது மூட்டு தேய்ந்து உதிரும் தூளை. பொருத்திய மூட்டு ஒரு கிண்ணமும் அதில் சுழலும் பந்தும்தான்; கிண்ணத்தின் உட்புறமுள்ள பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் பந்து உரச உரச, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிர்கின்றன. உடம்பின் துப்புரவு செல்களான மேக்ரோபேஜ்கள் அவற்றை விழுங்கும். செரிக்க மட்டும் முடியாது. அந்தத் தவிப்பில் அவை விடும் ரசாயனச் செய்திகள், எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு இருந்த இடத்தில் மெல்லிய சவ்வு படர்கிறது. 1983-ல் அமெரிக்காவில் கோல்ட்ரிங் குழுவினர் இந்தச் சவ்வை ஆராய்ந்தார்கள். மூட்டின் உள்தோலைப் போலவே இருந்த அது, எலும்பை அரிக்கத் துணைபோகும் பொருள்களையும் சுரந்தது. அதற்கும் முன்பே இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, தாம் பொருத்திய டெஃப்லான் கிண்ணங்கள் தேய்ந்து தோற்றதும், அந்தத் தூளைத் தம் தொடையிலேயே செலுத்திச் சோதித்தார். அங்கே கட்டி தடித்தது.

பயம் எங்கே என்றால், எலும்பு கணிசமாகக் கரையும்வரை வலியே இல்லாமல் போகலாம். அதனால் வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியில் எக்ஸ்ரே எடுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். பந்தும் கிண்ணமும் இரண்டுமே உலோகமென்றால், ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பற்றியும் கேளுங்கள். அந்த வகையில் சுற்றியுள்ள தசையே அழுகிப்போவதுண்டு.

டிப்யூ நிறுவனத்தின் அத்தகைய உலோக மூட்டான ஏ.எஸ்.ஆர். 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவில் அதைப் பொருத்தி சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்தபோது அந்த நோயாளிகளில் சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இழப்பீட்டுக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை கணக்கிடும் முறையை அரசு 2018-ல் வகுத்தது. ஆனால், தமக்குள் இருப்பது அந்த மூட்டுதான் என்று தெரியாதவர் எப்படிக் கேட்பார்? என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

மூட்டு வரும் பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், மாடல், லாட் எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி. குறைபாடு என்று சந்தேகம் வந்தால் மருத்துவச் சாதனக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024-ல் தெரிவிக்கலாம். இழப்பீடு கோர நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் கெடு.