வீட்டு உபயோக மூச்சுச் சோதனைக் கருவிகளின் நம்பகத்தன்மை

மது அருந்திய ஒருவர் தம் இரத்தத்தில் எவ்வளவு மது உள்ளது என்பதைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளப் பயன்படும் கையடக்கக் கருவியே வீட்டு உபயோக மூச்சுச் சோதனைக் கருவி. சாலையில் காவலர்கள் ஊதச் சொல்லும் 'பிரெத் அனலைசர்' கருவியின் சிறிய உறவினர் என்று இதைச் சொல்லலாம். இணைய அங்காடிகளில் சில நூறு ரூபாய் முதல் பல ஆயிரம் ரூபாய் வரையிலான விலைகளில் இது கிடைக்கிறது. வாங்குவோரில் பெரும்பாலோர் இதனிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இப்போது வண்டி ஓட்டலாமா? கருவிக்குத் தெரிந்ததோ, அந்த நொடியில் ஊதப்பட்ட அந்த ஒரு மூச்சில் இருந்த மதுவின் அளவு மட்டுமே. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் இக்கருவிகளைப் பற்றிய பெரும்பாலான சிக்கல்கள் எழுகின்றன.

மூச்சிலிருந்து இரத்தத்தைக் கணக்கிடுதல்

மதுவில் உள்ள எத்தனால் இரைப்பையிலும், பெரும்பகுதி சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு இரத்தத்தில் கலக்கிறது. இரத்தம் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளைச் சுற்றி ஓடும்போது எத்தனாலின் ஒரு சிறு பகுதி ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. ஒரு நீர்மத்தில் கரைந்துள்ள ஆவியாகும் பொருளுக்கும் அதன் மேலுள்ள காற்றில் இருக்கும் ஆவிக்கும் குறிப்பிட்ட வெப்பநிலையில் நிலையான விகிதம் உண்டு என்பது ஹென்றி விதி. மூச்சுச் சோதனை முழுவதும் இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

பெரும்பாலான கருவிகள் இந்த விகிதத்தை 2100-க்கு 1 என்று எடுத்துக்கொள்கின்றன. அதாவது, நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2100 மி.லி. காற்றில் உள்ள மது, 1 மி.லி. இரத்தத்தில் உள்ள மதுவுக்குச் சமம். இது வசதிக்காக நிலைநிறுத்தப்பட்ட எண். மனித உடல்கள் இதற்குக் கட்டுப்படுவதில்லை. பலருக்கு இந்த விகிதம் 2300-ஐ ஒட்டி இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் 100 மி.லி. இரத்தத்தில் 33 மி.கி. மது இருந்தால், குறையே இல்லாத கருவிகூட 30 மி.கி. என்றுதான் காட்டும். விகிதம் குறைவாக உள்ளவர்களுக்கு இதே கருவி கூட்டிக் காட்டும். வெப்பநிலையும் கணக்கில் வருகிறது. வெளிவரும் மூச்சு 34 பாகை செல்சியசில் இருக்கும் என்பது கருவியின் அனுமானம். காய்ச்சலால் ஒரு பாகை கூடினால் மூச்சிலுள்ள மதுவின் அளவு ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு உயர்கிறது.

உணரிகளின் வகைகள்

மூச்சிலிருந்து மதுவை அளக்கும் முயற்சி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வேரூன்றியது. அங்கு ரோலா ஹார்கர் உருவாக்கிய 'டிரங்கோமீட்டர்' 1938 முதல் காவல்துறையில் பயன்படுத்தப்பட்டது. ஊதியவரின் மூச்சு ஒரு பலூனில் பிடிக்கப்பட்டு வேதிக் கரைசல் வழியாகச் செலுத்தப்பட்டது. அதே மாநிலத்தின் காவல்துறையில் பணியாற்றிய ராபர்ட் போர்கன்ஸ்டைன் 1954-இல் எளிதில் கையாளக்கூடிய 'பிரெத்தலைசர்' கருவியை உருவாக்கினார். அதில் கந்தக அமிலத்தில் கரைந்த பொட்டாசியம் டைகுரோமேட்டின் ஆரஞ்சு நிறம் மதுவால் மங்க, அந்த நிறமாற்றம் ஒளியைக் கொண்டு அளக்கப்பட்டது.

இன்று வீடுகளில் பயன்படுவன பெரும்பாலும் இரண்டு வகை. விலை குறைந்தவற்றில் குறைகடத்தி உணரி உள்ளது. சூடேற்றப்பட்ட வெள்ளீய டை ஆக்சைடுப் பரப்பில் ஒட்டியுள்ள ஆக்சிஜனோடு எத்தனால் வினைபுரியும்போது பரப்பின் மின்தடை குறைகிறது. சமையல் எரிவாயுக் கசிவை எச்சரிக்கும் கருவிகளில் இருப்பதும் இதே குடும்பத்து உணரிதான். இதன் பெருங்குறை, ஆளைப் பிரித்தறியத் தெரியாதது. எத்தனாலுக்குப் பதில் அசிட்டோன் வந்தாலும், தலைமுடியில் அடிக்கும் தெளிப்பானின் ஆவி வந்தாலும் மின்தடை குறையும். கட்டுப்பாடற்ற நீரிழிவு உள்ளவர்களின் மூச்சிலும், மாவுச்சத்தை அறவே தவிர்க்கும் உணவுமுறையில் இருப்பவர்களின் மூச்சிலும் அசிட்டோன் கூடுதலாக இருக்கும். காற்றின் ஈரப்பதமும் வெப்பமும் இந்த உணரியின் அளவீட்டை அசைக்கின்றன.

விலை கூடிய கருவிகளிலும், காவலர்கள் சாலையில் பயன்படுத்தும் பல கருவிகளிலும் எரிபொருள் கலம் உள்ளது. பிளாட்டினம் மின்முனையில் எத்தனால் ஆக்சிஜனேற்றமடைந்து அசிட்டிக் அமிலமாகும்போது எழும் மின்னோட்டம் அளக்கப்படுகிறது. அசிட்டோன் இதை ஏமாற்றுவதில்லை. ஆனாலும் முற்றிலும் ஏமாறாதது என்று சொல்வதற்கில்லை. 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் ஒரு விந்தையான நிகழ்வைப் பதிவு செய்தனர். மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்த, மது அருந்தாத ஒருவரின் வண்டி, மூச்சில் மது இருந்தால் கிளம்ப விடாத பூட்டுக் கருவியால் நின்றுபோனது. அவர் உடலில் மிகுந்த அசிட்டோனின் ஒரு பகுதி கல்லீரலில் ஐசோபுரோப்பனாலாக மாறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் தந்த விளக்கம். அதுவும் ஆல்கஹால் வகைதான். எரிபொருள் கலம் அதற்கும் மின்னோட்டம் தரும்.

மூன்றாவது வகையான அகச்சிவப்பு அளவீட்டுக் கருவி மேசையளவு பெரியது. காவல் நிலையங்களில் சான்றுக்காகப் பயன்படுவது. வீட்டுக்கு வருவதில்லை.

ஊதும் முறையால் வரும் பிழைகள்

கடைசி மிடறு குடித்த உடனே ஊதினால் கருவி அளப்பது இரத்தத்தை அல்ல, வாயில் தங்கிய மதுவை. எண் பயங்கரமாக உயர்ந்து நிற்கும். எனவேதான் குறைந்தது 15 நிமிடம் காத்திருக்கச் சொல்லப்படுகிறது. மது கலந்த வாய் கொப்பளிப்பான், சில இருமல் மருந்துகள், ஹோமியோபதி தாய்த்திரவங்கள் ஆகியவையும் இதே விளைவைத் தரும். தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்ட வகைகளில் நொதித்தலால் தானாக உருவான மது உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையில் சானிடைசர் தேய்த்த ஈரத்தோடு கருவியைப் பிடித்து ஊதுவதும் தவறான அளவைத் தரலாம்.

இவையெல்லாம் கூட்டிக் காட்டும் பிழைகள். தொல்லை தந்தாலும் ஆபத்து குறைவு. குறைத்துக் காட்டும் பிழைகளே கவலைக்குரியவை. மூச்சின் தொடக்கத்தில் வருவது வாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றில் இருந்த காற்று. அதில் மது குறைவு. நுரையீரலின் ஆழத்துக் காற்று வர நான்கைந்து நொடி இடைவிடாமல் ஊத வேண்டும். அழுத்தத்தையோ ஓட்டத்தையோ அளக்காத மலிவான கருவி, அரைகுறையாக ஊதினாலும் ஒரு எண்ணைக் காட்டிவிடும். ஊதும் முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கினாலும் அளவு குறைந்துபோகும்.

அலகு, எல்லை, பிழை

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆம் பிரிவு, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் இங்கிலாந்திலும் இந்த எல்லை 80 மி.கி. ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50 மி.கி.

இந்த வேறுபாடு கருவியின் நம்பகத்தன்மையையே மாற்றிவிடுகிறது. 10 மி.கி. கூடுதலாகவோ குறைவாகவோ காட்டக்கூடிய ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். 80 மி.கி. எல்லை உள்ள இடத்தில் அந்தப் பிழை எல்லையில் எட்டில் ஒரு பங்கு. 30 மி.கி. எல்லை உள்ள இந்தியாவில் அது மூன்றில் ஒரு பங்கு. கருவி 22 என்று காட்டும்போது உண்மை அளவு 32 ஆகவும் இருக்கலாம். வெளிநாட்டு வாங்குநர்கள் 'ஓரளவு சரியாகக் காட்டுகிறது' என்று பாராட்டிய கருவி இந்திய எல்லைக்குப் போதாமல் போவது இப்படித்தான்.

அலகுகள் இன்னொரு பொறி. ஒரே அளவு மதுவை ஒரு கருவி 0.030% என்றும், மற்றொன்று ஆயிரத்துக்கு 0.30 என்றும், வேறொன்று ஒரு லிட்டர் மூச்சில் 0.14 மி.கி. என்றும் காட்டும். மூன்றும் இந்தியாவின் சட்ட எல்லையையே குறிக்கின்றன. இரத்தத்தின் எல்லை 0.30 என்று மனத்தில் பதித்துக்கொண்ட ஒருவர், மூச்சின் அலகில் காட்டும் கருவியில் 0.20 வந்ததைப் பார்த்து நிம்மதியடைந்தால், உண்மையில் அவர் 42 மி.கி. அளவில் இருக்கிறார். சிவப்பு விளக்கு எரியும் அளவு 50 அல்லது 80 மி.கி. என்று அமைக்கப்பட்ட கருவிகளும் உண்டு. அவற்றில் பச்சை விளக்குக்கு இந்தியச் சாலையில் எந்தப் பொருளும் இல்லை.

நேரம் என்ற காரணி

எல்லாப் பிழைகளையும் நீக்கிய ஒரு கருவி கிடைத்தாலும் ஒரு குறை மிஞ்சும். குடித்து முடித்தபின்னும் இரத்தத்தில் மதுவின் அளவு ஏறிக்கொண்டே இருக்கும். உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதமாகலாம். விருந்து முடிந்து வாசலில் ஊதியபோது 25 காட்டிய கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி வழியில் அதே ஆள் 40-இல் இருக்கக்கூடும்.

மறுநாள் காலையில் கணக்கு வேறு. உச்சத்தைக் கடந்த பிறகு உடல் மணிக்கு 10 முதல் 20 மி.கி. வரை மதுவை நீக்குகிறது. இரவு 11 மணிக்கு இருவர் 150 மி.கி. அளவில் தூங்கப் போனால், காலை 7 மணிக்கு வேகமாக நீக்கும் உடல் கொண்டவருக்கு ஏதும் மிஞ்சாது. மெதுவாக நீக்குபவருக்கு 70 மி.கி. மிஞ்சும். குளித்து, காபி குடித்து, தலை தெளிந்துவிட்டது என்று வண்டியை எடுப்பவர் சட்ட எல்லையைப் போல் இரு மடங்குக்கு மேல் இருக்கிறார். வீட்டுக் கருவி உண்மையாகவே உதவக்கூடிய இடம் இதுதான். காலையில் கணிசமான எண் காட்டினால், பிழையைக் கழித்துப் பார்த்தாலும், மது இன்னும் உடலில் உள்ளது என்ற செய்தி உறுதி. 'இருக்கிறது' என்று சொல்லும்போது இக்கருவியை நம்பலாம். 'எல்லைக்குள்தான்' என்று சொல்லும்போது நம்புவது கடினம்.

அளவுத்திருத்தம்

எல்லா உணரிகளும் காலப்போக்கில் தேய்கின்றன. அதனால் உற்பத்தியாளர்கள் பொதுவாக ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒருமுறை அளவுத்திருத்தம் செய்யச் சொல்கிறார்கள். மதுவின் அளவு துல்லியமாகத் தெரிந்த வாயுவைக் கருவிக்குள் செலுத்தி, அது காட்டும் எண்ணைச் சரிசெய்வதே அளவுத்திருத்தம். வீட்டில் இதைச் செய்ய இயலாது. சில கருவிகளில் உணரியையே கழற்றி மாற்றலாம். மலிவானவற்றில் அந்த வசதியும் இல்லாததால், பெட்டியில் வந்த நாளின் துல்லியம் எத்தனை நாளைக்கு நீடிக்கும் என்று சொல்ல வழியில்லை.

அளவுத்திருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் சாட்சி. அங்கே காவல்துறைக் கருவிகளைத் திருத்தும்போது, பயன்படும் கரைசல் 34 பாகையில் உள்ளதா என்று தரச்சான்று பெற்ற வெப்பமானியால் சரிபார்க்கும் ஒரு படி தவிர்க்கப்பட்டது தெரியவந்தது. 2018-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அக்கருவிகளின் முடிவுகளைச் சான்றாக ஏற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட வழக்குகள் 20,000-க்கும் மேல். பயிற்சி பெற்றவர்கள் பராமரிக்கும் கருவிக்கே ஒரு வெப்பமானி இவ்வளவு முக்கியமென்றால், மேசை இழுப்பறையில் இரண்டு கோடைகளைக் கழித்த கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

பிரெத்தோமீட்டர் வழக்கு

விளம்பரத்துக்கும் துல்லியத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்டிய வழக்கு இது. திறன்பேசியுடன் இணைத்து ஊதும் கருவியை அமெரிக்காவின் பிரெத்தோமீட்டர் நிறுவனம் 2013-இல் 'ஷார்க் டேங்க்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிமுகப்படுத்தி முதலீடு பெற்றது. 'ஒரிஜினல்', 'பிரீஸ்' என்ற இரு கருவிகளும் சேர்ந்து 51 லட்சம் டாலருக்கு விற்றன. காவல்துறைத் தரத்திலான துல்லியம் உண்டு என்பது நிறுவனத்தின் விளம்பரம். அதற்குப் போதிய சோதனைகள் நடத்தப்படவில்லை என்றும், பிரீஸ் கருவி மதுவின் அளவை அடிக்கடி குறைத்துக் காட்டுவதை அறிந்தும் பயனர்களை எச்சரிக்கவில்லை என்றும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2017 சனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

தரநிலைகளும் சட்டமும்

ஐரோப்பாவில் பொதுமக்களுக்கான கருவிகளுக்கு ஈ.என். 16280 என்றும், காவல்துறைக் கருவிகளுக்கு ஈ.என். 15964 என்றும் தனித்தனித் தரநிலைகள் உள்ளன. ஆஸ்திரேலியாவில் ஏ.எஸ். 3547. வாங்கும்போது பெட்டியில் தேட வேண்டியவை இந்த எண்களும் 'எரிபொருள் கலம்' என்ற சொல்லும். 'போலீஸ் தரம்' என்ற வாசகத்துக்கு அளவுகோல் கிடையாது.

பிரான்சு நாடு 2012 சூலை 1 முதல் ஒவ்வொரு ஓட்டுநரும் வண்டியில் ஒரு மூச்சுச் சோதனைக் கருவி வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. மீறினால் 11 யூரோ அபராதம் என்ற அறிவிப்பு தள்ளிப்போடப்பட்டுக்கொண்டே வந்து கைவிடப்பட்டது. விதியும் 2020-இல் நீக்கப்பட்டது.

இந்தியாவில் 185-ஆம் பிரிவின் கீழ் கணக்கில் வருவது அதிகாரபூர்வச் சோதனையின் முடிவு. வீட்டில் ஊதிப் பார்த்தபோது எல்லைக்குள் இருந்தது என்பது அதற்கு மாற்றாகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபடுவோருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இரண்டாம் முறை என்றால் சிறை இரண்டு ஆண்டு வரையிலும், அபராதம் 15,000 ரூபாயாகவும் உயர்கிறது.